அமைச்சராகாத கணக்கர்: ஜோசப் ஹியூமின் நாடாளுமன்ற வாழ்வு – ஒரு நிகழ்வு ஆய்வு

1824ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பிரிட்டிஷ் காமன்ஸ் அவை ஒரு தெரிவுக்குழுவை அமைத்தது. தேர்ந்த கைவினைஞர்கள் பிழைப்புத் தேடி வெளிநாடு செல்வதைத் தடுத்த சட்டங்கள், இயந்திர ஏற்றுமதிக்கு இருந்த தடை, கூலி உயர்வுக்காகத் தொழிலாளர்கள் ஒன்றுகூடுவதைக் குற்றமாக்கிய சட்டங்கள் ஆகியவற்றை ஆராய்வது அதன் பணி. குழுவுக்குத் தலைமை ஏற்றவர் அமைச்சரும் அல்லர், பெருநிலக்கிழாரும் அல்லர். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் மான்ட்ரோஸ் என்ற துறைமுக ஊரில் பிறந்து, வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவராக வேலை பார்த்துப் பொருள் சேர்த்துத் திரும்பிய ஜோசப் ஹியூம் அவர். ஜூன் 21 அன்று புதிய சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தபோது, சேர்ந்து நின்று கூலி கேட்டவர்களைக் கால் நூற்றாண்டாகச் சிறைக்கு அனுப்பிவந்த சட்டங்கள் நீக்கப்பட்டிருந்தன. அவையில் இதற்காகப் பெரிய விவாதம் எதுவும் நடக்கவில்லை.

இவ்வளவு பெரிய மாற்றம் சத்தமே இல்லாமல் எப்படி நிறைவேறியது என்ற கேள்வியை வைத்துக்கொண்டு அவருடைய நாற்பதாண்டுப் பொதுவாழ்வைப் பார்க்கும்போது எனக்கு இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. ஒன்று, பதவியோ பேச்சுவன்மையோ இல்லாத ஓர் உறுப்பினர், கணக்கையும் சாட்சியத்தையும் மட்டுமே கருவியாக வைத்துக்கொண்டு ஓர் அரசை அசைக்க முடியும். மற்றொன்று, தொழிலாளர்களுக்குச் சங்கம் சேரும் உரிமையைக் கொடுக்க அவரைத் தூண்டிய அதே கொள்கைதான், ஆலைகளில் வேலை செய்த குழந்தைகளுக்குச் சட்டப் பாதுகாப்புக் கேட்டபோது அவரை எதிர்த்து நிற்கவும் வைத்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஹியூமை மதிப்பிட முடியாது.

மான்ட்ரோஸ், வங்காளம், வெய்மத்

ஹியூம் 1777 ஜனவரி 22 அன்று பிறந்தார். கப்பல் தலைவரான தந்தை சிறுவயதிலேயே இறந்துவிட, தாய் அந்த ஊரில் பீங்கான் பாத்திரக் கடை வைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். உள்ளூர்ப் பள்ளியில் அவருக்குக் கிடைத்த தோழர்களில் ஒருவர், பின்னாளில் இந்திய வரலாற்றை எழுதியவரும் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் உயர்ந்த பொறுப்பு வகித்தவருமான ஜேம்ஸ் மில். அந்தப் பள்ளி நட்பு பிற்காலத்தில் ஹியூமின் அரசியலையே திசைதிருப்பியது. பதின்மூன்றாம் வயதில் அறுவை மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்து, பிறகு எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1797இல் கம்பெனிப் பணியில் நுழைந்தார்.

இந்தியா செல்லும் கப்பலில் கணக்குகளைப் பார்த்துக்கொண்ட அலுவலர் இறந்துபோக, அந்த வேலையை இளம் மருத்துவர் தாமே எடுத்துச் செய்தார். வங்காளம் சேர்ந்ததும் இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றார். உடன் இருந்த ஐரோப்பியர்களில் மிகச் சிலரே அந்த உழைப்பை மேற்கொண்டனர். 1803இல் மராட்டியப் போர் மூண்டபோது படையின் வெடிமருந்து ஈரத்தில் நமத்துப் பயன்படாமல் கிடந்தது. வேதியியல் படித்திருந்த ஹியூம் அதை உலர்த்தி மீண்டும் பயன்படுத்தும் வழியைச் செய்து காட்டினார். மொழிபெயர்ப்பாளர், படைக்குப் பொருள் வழங்குபவர், சம்பளம் பட்டுவாடா செய்பவர் எனப் பல பொறுப்புகள் அவரைத் தேடி வந்தன. தாயகம் திரும்பும்போது அவர் கையில் ஏறத்தாழ 40,000 பவுண்டு இருந்தது. கம்பெனியின் போர்கள் நம் நாட்டு மக்களின் வரிப்பணத்தில் நடந்தவை என்பதால், இந்தச் செல்வத்தின் ஊற்றுக்கண்ணை நாம் மறக்கக் கூடாது. அதே சமயம், படைச் செலவில் பணம் எந்த இடத்தில் ஒழுகும் என்பதை அவர் உள்ளே இருந்து பார்த்தவர் என்பதும் அவருடைய பிற்கால வேலையை விளக்குகிறது.

நாடாளுமன்றத்துக்குள் அவர் நுழைந்த வழி பெருமைக்குரியதன்று. 1812இல் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள வெய்மத் தொகுதியை, அக்கால வழக்கப்படி, விலை கொடுத்து வாங்கி டோரி (பழமைவாதக் கட்சி) உறுப்பினராக அமர்ந்தார். அதே ஆண்டில் அவை கலைக்கப்பட்டபோது, தொகுதியைக் கையில் வைத்திருந்த அறங்காவலர்கள் அவரை மறுபடி அனுப்ப மறுத்தார்கள். கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை வழக்குத் தொடுத்துத்தான் அவரால் மீட்க முடிந்தது. அந்தச் சில மாதங்களில் நடந்த ஒன்று கவனிக்கத்தக்கது. நாட்டிங்காம் பகுதியில் தறியில் காலுறை நெய்த தொழிலாளர்கள், தங்கள் தொழிலை ஒழுங்குபடுத்தும்படி கிரேவனர் ஹென்சன் என்ற தலைவரின் முயற்சியால் ஒரு மசோதாவைக் கொண்டுவந்திருந்தனர். அதை எதிர்த்து வாதாடியவர்களில் ஹியூம் ஒருவர். வணிகத்தை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும், அரசு தலையிடக் கூடாது என்ற ஆடம் ஸ்மித்தின் கோட்பாட்டை அவர் முழுமையாக நம்பினார். கடைசிவரை அந்த நம்பிக்கையை விடவும் இல்லை.

இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் ஜேம்ஸ் மில்லின் வழியாகச் சீர்திருத்தச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தமின் வட்டமும், சாரிங் கிராஸில் தையற்கடை வைத்திருந்த பிரான்சிஸ் பிளேஸின் நட்பும் அவருக்குக் கிடைத்தன. 1818இல் அவர் அபர்டீன் தொகுதியின் உறுப்பினராகத் திரும்பி வந்தபோது டோரியாக இருக்கவில்லை. அபர்டீன், மான்ட்ரோஸ், பிரெக்கின், ஆர்ப்ரோத், இன்வர்பெர்வி ஆகிய ஐந்து ஊர்கள் சேர்ந்து ஓர் உறுப்பினரை அனுப்பின. வாக்கு மக்களிடம் இல்லை, ஊர்மன்றங்கள் அனுப்பிய பேராளர்களிடம் இருந்தது. ஊர்மன்றங்களோ பெரும்பாலும் தமக்குப் பின் வருபவர்களைத் தாமே நியமித்துக்கொண்டவை. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த ஸ்காட்லாந்து முழுவதிலும் அப்போது வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு. இத்தகைய அடைப்புக்குள்ளிருந்து ஒரு சீர்திருத்தக்காரர் தேர்வானதே பெரிய செய்தி.

நள்ளிரவு மானியக் கோரிக்கைகள்

நெப்போலியனுடன் நடந்த போர் 1815இல் முடிந்தபோது பிரிட்டனின் கடன் 80 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. மறு ஆண்டே அவை வருமான வரியை ஒழித்தது. அதனால் வட்டிச் சுமையின் பெரும்பகுதி ஏழை எளியவர்கள் வாங்கும் சர்க்கரை, தேயிலை, பீர், சோப்பு, மெழுகுவத்தி போன்றவற்றின் மேல் விழுந்தது. ஒரு பக்கம் இந்த வரி. மறுபக்கம் வேலையே இல்லாத பதவிகளும் பரம்பரை ஓய்வூதியங்களும். நம் சட்டமன்றங்களில் மானியக் கோரிக்கை என்று சொல்கிறோமே, அத்தகைய செலவுக் கோரிக்கைகள் இரவு நேரத்தில், பாதி இருக்கைகள் காலியாகக் கிடக்கும்போது அவைக்கு வந்து, படித்த வேகத்தில் நிறைவேறிவந்தன.

அந்த நேரத்தில் இருக்கையை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தவர் ஹியூம். அரசு அச்சிட்ட கணக்குகளைப் படித்துப் பிரித்துத் தருவதற்குத் தம் சொந்தச் செலவில் எழுத்தர்களை வைத்துக்கொண்டார். தரைப்படை, கடற்படை, படைக்கலக் கிடங்கு, வரி வசூல் அலுவலகம் என ஒவ்வொரு தலைப்பிலும் ஒவ்வொரு தொகைக்கும் விளக்கம் கேட்டார்; விளக்கம் போதாதபோது வெட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார்; தோற்றார்; அடுத்த தலைப்பில் மறுபடி எழுந்தார். 1821ஆம் ஆண்டுக் கூட்டத்தொடரில் இந்த வேலையால் நாடு முழுவதும் அவர் பெயர் பரவியது. அவர் நல்ல பேச்சாளர் அல்லர் என்பதில் அக்காலத்தவர் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள்: ஒரே தொனி, முடிவு தேடி அலையும் வாக்கியங்கள், இடையிடையே இலக்கங்கள். ஆனால் அந்த இலக்கங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவர் கேட்பார் என்று தெரிந்ததாலேயே துறைகள் தங்கள் கோரிக்கையை முன்கூட்டியே சுருக்கிக்கொள்ளத் தொடங்கின. தோற்ற வாக்கெடுப்புகளின் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வெற்றி கண்ணில் படாது. சீர்திருத்தக்காரர்கள் அதுவரை சொல்லிவந்த 'அமைதி, சீர்திருத்தம்' என்ற முழக்கத்தின் நடுவே 'சிக்கனம்' என்ற சொல் நுழைந்தது இவரால்தான்.

அரச குடும்பத்தின் முன்னும் அவர் தயங்கவில்லை. 1840 ஜனவரியில், விக்டோரியா அரசியை மணக்கவிருந்த ஆல்பர்ட் இளவரசருக்கு ஆண்டுக்கு 50,000 பவுண்டு வழங்க அரசு கோரியபோது, 21,000 போதும் என்று ஹியூம் திருத்தம் கொண்டுவந்தார். அந்தத் திருத்தம் பெரும் வேறுபாட்டில் தோற்றது. ஆனால் அவருக்கு அடுத்து டோரி உறுப்பினர் ஒருவர் 30,000 என்று கேட்டபோது அவை அதை ஏற்றுக்கொண்டது.

1824: சாட்சியங்களைத் திரட்டிய விதம்

1799, 1800 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட கூட்டுச்சேரல் தடைச் சட்டங்களின்படி, கூலிக்காகவோ வேலை நேரத்துக்காகவோ ஒன்றுகூடியவர்களை நீதிபதிகள் ஜூரி இல்லாமலே மூன்று மாதம் சிறைக்கு அனுப்பலாம். முதலாளிகள் கூட்டுச் சேர்ந்தாலும் குற்றம் என்று ஏட்டில் இருந்தது. அதற்குத் தண்டனை 20 பவுண்டு அபராதம் மட்டுமே. ஸ்காட்லாந்தின் அனுபவம் இன்னும் கசப்பானது. கிளாஸ்கோ நெசவாளர்கள் சட்டப்படி நீதிமன்றத்துக்குப் போய், கூலி விகிதத்தை நிர்ணயிக்கச் செய்து வென்றார்கள். முதலாளிகள் அந்த விகிதத்தைக் கொடுக்க மறுத்தபோது 1812இன் இறுதியில் பெரும் வேலைநிறுத்தம் தொடங்கியது. அரசு கைது செய்தது நெசவாளர் தலைவர்களைத்தான். அவர்கள் நான்கு மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை சிறையில் கிடந்தனர். கூலி நிர்ணயிக்க வழிசெய்த பழைய சட்டத்தை 1813இல் அவை நீக்கியும் விட்டது.

பிரான்சிஸ் பிளேஸ் இந்தச் சட்டங்களின் வலியைத் தம் உடம்பில் அறிந்தவர். தோல் கால்சட்டை தைக்கும் தொழிலாளியாக 1793இல் ஒரு வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியதற்காக, எந்த முதலாளியும் வேலை தராத நிலையில் பல மாதம் பட்டினி கிடந்து, அந்த வறுமையிலேயே ஒரு குழந்தையைப் பறிகொடுத்தார். பிறகு சொந்தக் கடை வைத்து உயர்ந்த அவர், கடைக்குப் பின்னால் இருந்த புத்தக அறையில் பத்தாண்டுக்கு மேலாக இந்தச் சட்டங்களுக்கு எதிரான வழக்குகளையும் செய்திகளையும் சேகரித்துவந்தார். அவருக்கு அவைக்குள் நுழைய இடம் இல்லை, ஹியூமுக்கு இருந்தது. இருவரும் சேர்ந்ததால்தான் இது நடந்தது.

1823இல் ஹென்சனும் கவன்ட்ரி உறுப்பினர் பீட்டர் மூரும் வேறொரு மசோதாவைக் கொண்டுவந்தனர். தடையை நீக்குவதோடு நில்லாமல், கூலி, இயந்திரம், பயிற்சி எல்லாவற்றையும் விரிவாக ஒழுங்குபடுத்த முனைந்தது அது. அவையை அது கலவரப்படுத்தியது. ஹியூமின் குழு அமைந்ததும் பின்னுக்குப் போயிற்று. தொழிலாளர்கள் தங்களுக்காகத் தாங்களே எழுதிக்கொண்ட கோரிக்கையை இரண்டாம் முறையாக ஹியூம் ஓரம் கட்டினார் என்று சொல்வதில் தவறில்லை. வெற்றிக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனாலும் அவர்கள் கேட்டதும் பெற்றதும் ஒன்றல்ல.

குழு அமைந்ததும் ஊர் ஊராகத் தொழிலாளர் பேராளர்கள் லண்டன் வந்து சேர்ந்தார்கள். பிளேஸ் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தார். வந்தவர்களில் பலர், வரியையோ இயந்திரத்தையோ பற்றிப் பேசினால் குழு கூலியை உயர்த்திக் கொடுத்துவிடும் என்று நம்பி வந்திருந்தனர். அவர்களோடு உட்கார்ந்து, ஒவ்வொருவரும் நேரில் கண்டதையும் பட்டதையும் பிரித்தெடுத்து, எந்தக் கேள்விக்கு என்ன சொல்லக்கூடும் என்று குறிப்பெழுதி ஹியூமின் கையில் கொடுத்தார். குழுவில் ஹியூமின் பக்கத்தில் அமர்ந்து உதவ அவர் அனுமதி கேட்டபோது மறுக்கப்பட்டது. சாட்சிகளைக் கலைக்கிறார் என்று அவரை அவை முன் நிறுத்தலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. ஆனால் அந்தக் குறிப்புகள் கையில் இருந்ததால், கேட்க வேண்டியதை மட்டும் கேட்டு, வழிமாறிய பதிலைத் திருப்பிக் கொண்டுவர ஹியூமால் முடிந்தது. முதலாளிகள் சொன்னதைத் தொழிலாளர்களின் சாட்சியம் பல இடங்களில் முறியடித்தது. எடின்பரோவின் பொருளியலாளர் மெக்கல்லக் இதே ஆண்டில் எழுதிய கட்டுரை, தடை நீங்குவதுதான் வணிகத்துக்கும் நல்லது என்று படித்தவர்களை நம்பவைத்தது.

ஹியூமின் திறமை வெளிப்பட்ட இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. நீண்ட அறிக்கை எழுதினால் ஒவ்வொரு பத்தியிலும் சண்டை வரும் என்பதால், குழுவின் முடிவுகள் சுருக்கமான தீர்மானங்களாக வந்தன. அவற்றை ஒட்டி மசோதாக்கள் தயாராயின. எதிர்க்கக்கூடியவர்களை ஹியூம் தனித்தனியாகப் பார்த்துப் பேசினார். தம் பக்கத்தவரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். அவை உறுப்பினர்களில் பலருக்குத் தாங்கள் என்ன நிறைவேற்றினோம் என்பதே பிறகுதான் தெரிந்தது.

தடையை நீக்கினால் சங்கங்களே தேவைப்படாமல் தாமாக மறைந்துவிடும் என்று பிளேஸ் நம்பினார். ஹியூமின் கருத்தும் அதையொட்டியே இருந்தது. நடந்தது நேர்மாறு. கிளாஸ்கோ நூற்பாலைகளிலும், தேம்ஸ் கரைக் கப்பல் கட்டும் துறைகளிலும், டைன் நதிக்கரை மாலுமிகளிடையேயும் வேலைநிறுத்தங்கள் மூண்டன. 1825இல் வணிக அமைச்சர் ஹஸ்கிசன் சட்டத்தைத் திருப்பிப் போட ஒரு குழுவை அமைத்தார். தாமஸ் வாலஸ் தலைமை ஏற்றார். முதலாளிகளை மட்டும் விசாரித்துவிட்டு முடிக்க இருந்த அந்தக் குழுவின் அறைக்கு வெளியே, எங்களையும் விசாரியுங்கள் என்று தொழிலாளர் பேராளர்கள் வந்து நின்றார்கள். குழுவில் ஓர் உறுப்பினராக இருந்த ஹியூம் ஒவ்வொரு வரிக்கும் போராடினார். அந்த ஆண்டின் புதிய சட்டம் 'தொல்லை கொடுத்தல்', 'இடையூறு செய்தல்' போன்ற எல்லையற்ற சொற்களைக் குற்றமாக்கியது. அச்சொற்களைக் காட்டி அடுத்த அரை நூற்றாண்டு தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டனர். ஆனால் கூலிக்காகவும் வேலை நேரத்துக்காகவும் கூடிப் பேசும் உரிமை மட்டும் மிஞ்சியது. பிரிட்டிஷ் தொழிற்சங்க இயக்கம் சட்டத்தில் ஊன்றிய முதல் கால் அதுதான்.

கறைகள்

அரசு விலகி நிற்க வேண்டும் என்ற கொள்கை தொழிலாளிக்கும் முதலாளிக்கும் பொது என்று ஹியூம் நம்பினார். அதனால்தான் ஆலைகளில் குழந்தைகளின் வேலை நேரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை 1833இலும் அதன் பின்னும் எதிர்த்தார். கணக்கில் நேர்மையானவர் இங்கே எடைபோடத் தவறினார் என்பது என் உறுதியான கருத்து. வளர்ந்த தொழிலாளி சங்கம் சேரலாம். ஒன்பது வயதுப் பிள்ளை யாரோடு சேர்ந்து முதலாளியிடம் பேரம் பேசும்?

கிரேக்கக் கடன் விவகாரம் வேறு வகையான கறை. துருக்கிய ஆட்சியை எதிர்த்துப் போராடிய கிரேக்கர்களுக்காக 1824இல் லண்டனில் கடன் திரட்டப்பட்டபோது, அதை ஆதரித்த குழுவில் இருந்த ஹியூம் 10,000 பவுண்டுக்குப் பத்திரம் எடுத்தார். விலை சரிந்ததும் தம் பத்திரங்களைக் கிரேக்கப் பிரதிநிதிகள் தலையில் கட்டி நட்டத்தைக் குறைத்துக்கொண்டார். விலை ஏறியதும் அந்த நட்டத்தையும், 54 பவுண்டு வட்டியையும் சேர்த்துக் கேட்டு வாங்கினார். 1826இல் இது செய்தித்தாள்களில் வெளிவந்தது. பிறர் செலவில் கடைசிக் காசு வரை துருவியவரை அந்த 54 பவுண்டு நெடுங்காலம் துரத்தியது.

குடியேற்ற நாடுகளும் இறுதி ஆண்டுகளும்

1830 முதல் மிடில்செக்ஸ், 1837இல் அங்கே தோற்றபின் அயர்லாந்துத் தலைவர் டேனியல் ஓகானலின் உதவியால் அயர்லாந்தின் கில்கென்னி, 1842 முதல் இறப்பு வரை சொந்த ஊரான மான்ட்ரோஸ் என்று அவர் மூன்று நாடுகளின் தொகுதிகளுக்கும் பேசியிருக்கிறார். 1831இல் சீர்திருத்த மசோதா விவாதத்தின்போது, குடியேற்ற நாடுகளுக்கு 19 இடங்களைக் காமன்ஸ் அவையில் ஒதுக்க வேண்டும், அவற்றில் நான்கு இந்தியாவுக்கு என்று அவர் முன்வைத்த திருத்தம் நம் கவனத்துக்குரியது. அந்த நான்கு பேரை அனுப்பியிருக்கக் கூடியவர்கள் இந்திய மக்களில் மிகச் சிலரே. ஆயினும் ஆளப்படுபவர்களின் குரல் அவைக்குள் கேட்க வேண்டும் என்று அங்கே எழுந்து சொன்னவர் இருந்தார் என்பது பதிவு. 1834இல் மேல் கனடாவின் சீர்திருத்தத் தலைவர் மெக்கன்சிக்கு எழுதிய கடிதத்தில் தாய்நாட்டின் ஆதிக்கத்தைக் கேடு விளைவிப்பது என்று எழுதினார். மெக்கன்சி அதை அச்சிட்டதும் இருபுறமும் புயல் கிளம்பியது. 1835, 1836 ஆண்டுகளில் படைப்பிரிவுகளுக்குள் ரகசியமாகப் பரவியிருந்த, ஆரஞ்சு சங்கங்கள் என்ற புராட்டஸ்டன்ட் அமைப்புகளை ஆவணங்களோடு அவை முன் வைத்து, அவற்றின் தலைவரான மன்னரின் தம்பி கம்பர்லண்ட் கோமகன் அவற்றைக் கலைக்கும்படி செய்தார்.

1840இல் அவர் தலைமையேற்ற இறக்குமதி வரிக் குழுவிலும் பழைய முறைதான். வரி விதிக்கப்பட்ட பொருள்கள் ஆயிரத்துக்கு மேல் இருக்க, வெறும் 17 பொருள்களே வருவாயில் 94 விழுக்காட்டுக்கு மேல் ஈட்டின என்று அந்தக் குழு காட்டியது. மற்ற வரிகளெல்லாம் கருவூலத்துக்குப் பயன்படாமல் யாரையோ காப்பாற்றிக்கொண்டிருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இரண்டாண்டில் பிரதமர் பீல் வரிப் பட்டியலைக் குறைக்கத் தொடங்கினார். 1848இல் வீட்டுக்கு ஒரு வாக்கு, ரகசிய வாக்குச்சீட்டு, மூன்றாண்டு நாடாளுமன்றம், சமமான தொகுதிகள் என்று அவர் கேட்ட 'சிறிய சாசனம்' 84க்கு 351 என்று தோற்றது. ரகசிய வாக்குச்சீட்டு 1872இல் சட்டமாயிற்று. அதைப் பார்க்க அவர் இல்லை. 1855 பிப்ரவரி 20 அன்று நார்ஃபோக்கில் இறந்தபோது மான்ட்ரோஸின் உறுப்பினராகவே இருந்தார்.

அவர் மகன் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் வங்காள ஆட்சிப் பணியில் சேர்ந்து, ஓய்வுக்குப் பின் 1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய முதல் இந்திய தேசியக் காங்கிரசை ஒருங்கிணைத்தார். வந்திருந்தவர்கள் 72 பேர். அதன் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் சென்னையின் ஜி. சுப்பிரமணிய ஐயர். இந்திய நிர்வாகம் நடக்கும் விதத்தை ஆராய ஓர் அரச ஆணையம் வேண்டும், அதில் இந்தியர்களுக்குப் போதிய இடம் வேண்டும், இந்தியாவிலும் இங்கிலாந்திலும் சாட்சியம் எடுக்கப்பட வேண்டும் என்று அத்தீர்மானம் கேட்டது.